மாமனார் வண்டி மலையேறியது!

எங்கள் வீட்டில் என்னைவிட என் பைக்குக்குத்தான் மரியாதை அதிகம். பின்னே, மாமனார் வண்டியாயிற்றே! '93-ம் வருஷத்து ஹீரோ ஹோண்டா சிடி 100. மாமனார் ஓட்டி, மச்சான் ஓட்டி, கடைசியில் என் தலையில் கட்டினார்கள். பெட்ரோலை ஊற்றி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று எண்பதுகளில் விளம்பரம் செய்தார்களே, அதே வண்டி. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு எப்படி ஸார் மறப்பது?

எனக்கோ வாரம் ஒருமுறை கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போய் வரவேண்டிய உத்தியோகம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் கல்வராயன் மலை ஆரம்பம். லிட்டருக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்தான் கொடுத்தது. புலம்பினேன். ஆபீஸ் நண்பர் ஓர் ஐடியா சொன்னார்.

"இறங்கும்போது எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல விடுங்க. கோமுகி வரைக்கும் ஓசி!"

விட்டேன். பின்னால் அதே நண்பர், அவர் மடியில் வெள்ளிமலைப் பலாப்பழம். நாலைந்து வளைவு வரை சொர்க்கம்தான். அப்புறம் பின்பிரேக் மிதித்தேன், வழுக்கிக்கொண்டு போனது. முன்பிரேக் பிடித்தேன், நாற்றம்தான் வந்தது. இரண்டுமே டிரம் பிரேக். விடாமல் தேய்த்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எதிரே பஸ். ஹார்ன் அமுக்கினால் சத்தமே இல்லை. சாவியைத்தான் அணைத்துவிட்டேனே! நல்லவேளை, ஓரத்தில் யாரோ புண்ணியவான் மண் கொட்டி வைத்திருந்தான். வண்டி குவியலில் ஏறி நின்றது. நாங்கள் பிழைத்தோம், பலாப்பழம் பிழைக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏறின கியர்லயே இறங்குங்க சார். ஆக்ஸிலேட்டரை விட்டாலே எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். சும்மா நிக்கிறப்ப குடிக்கிற அளவு பெட்ரோல்தான் ஆகும். அதையும் மிச்சம் பிடிச்சு பேங்க்லயா போடப் போறீங்க?"

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். ஒன்றரை சுற்றில் நின்றது. அதாவது, மாதக்கணக்காக நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன்! பிளக்கைக் கழற்றினால் கரி. காலையில் இழுத்த சோக் முழுசாகத் திரும்பாமல், பாதியிலேயே சிக்கி நாள் முழுக்கப் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது. ஏர் ஃபில்டரில் ஒரு பிடி செம்மண். டயரில் காற்று பதினெட்டு. முன்னால் 25, பின்னால் 28 இருக்க வேண்டுமாம், ஆள் ஏறினால் பின்னால் இன்னும் கூட்ட வேண்டுமாம். எஞ்சினைப் பிரிக்கவே இல்லை. பிரேக் ஷூவை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் துடைத்து, சரிசெய்து கொடுத்தார்.

"ஏத்தத்துல நாலாவது கியர்லயே முக்க விடாதீங்க. திணறுறதுக்கு முன்னாடியே மூணுக்கு வாங்க" என்றார். கியரைக் குறைத்தால் பெட்ரோல் கூடும் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

இன்னொரு சமாசாரம். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனால், இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை கலந்து வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும், மெக்கானிக்கைத் திட்டிப் பிரயோசனமில்லை. பழைய ரப்பர் ட்யூபுக்கும் அது ஆகாது. தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டேங்க்கைக் கவனிக்க வேண்டும். நான் ட்யூபை மாற்றிவிட்டேன்.

மைலேஜ் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாட்டிலில் நூறு மில்லி ஊற்றித் தொங்கவிட்டு, ராத்திரி காலி ரோட்டில் ஓட்டிக் காட்டுவார்களே, அதை நம்பாதீர்கள். அந்தக் கணக்குப்படி என் வண்டி தொண்ணூறு! டேங்க்கை முழுசாக நிரப்பி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பாருங்கள். எனக்கு இப்போது மலையும் சேர்த்து அறுபத்தொன்று. சமவெளியில் நாற்பது, நாற்பத்தைந்திலேயே போனால் இன்னும் ஐந்து கூடுகிறது.

மலையிறங்கும்போது எஞ்சினை அணைப்பதில்லை. ஓசியில் இறங்கிய அன்றைக்கு மிச்சமானது அரை டம்ளர் பெட்ரோல்கூட இருக்காது. பலாப்பழத்துக்கு நண்பர் என்னிடம் வாங்கிய நஷ்டஈடு நூற்றைம்பது ரூபாய். ஐடியா கொடுத்தவரும் அவரேதான் ஸார்!