தப்புக்கு நிற்கும் முறை

பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியிலுள்ள தோட்டமொன்றில், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு முன்னர் நான் தப்பு பயில முனைந்தேன். முதல் நாளிலேயே தோளும் முதுகும் கடுத்தன. குற்றம் கருவியில் என்றெண்ணினேன். நான் நிற்கும் நிலையில் என்றார் கற்பித்த பெரியவர்.

தப்பின் வார் இடத்தோளில் தொங்க, சட்டம் உடலின் இடப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பைத் தழுவும் இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சி. வலக்கையில் குறுகிய தடித்த குச்சி. நானோ கருவி நழுவுமென அஞ்சிக் குனிந்து, அதை உடலோடு இறுக்கினேன். தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய தோலும் அதிர வழியின்றி மழுங்கிற்று.

"தம்பி, இறுக்காதே, தாங்கு. நிமிர்ந்து நில். அடி மணிக்கட்டிலிருந்து வரட்டும்" என்றார் அவர்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே முழவுக்கும் இந்நியதி பொருந்தும். அமர்ந்து வாசிப்போர் அதைக் கால்களிடையே தாங்கி, சற்றே முன்புறம் சாய்ப்பர். அடிவாய் தரையில் அடைபட்டால் ஆழ்ந்த ஒலி வெளிப்படாது.

ஒரு காலத்தில் விடியலிலே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. சாவுக்கும் திருவிழாவுக்கும் அதுவே முழங்கிற்று. எனினும் அடித்தவரை இழிந்தவரென ஒதுக்கினோம். இன்று பெரியவரின் பேரன் அதைத் தொடவும் நாணுகிறான்.

மிருதங்கத்துக்கு அமரும் முறையைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், தப்புக்கு நிற்கும் முறையையும் கற்பிப்பார்களாக. அவ்வகுப்புக்கு அப்பேரனும் வருவான்.