இளைத்த குதிரைக்கு 90 நாள் கணக்கு

கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டிகளின் மேல் மறு கை விரலை ஓட்டிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். குதிரையின் விலாவும் அப்படியே தட்டுப்பட்டால் அது இளைத்த குதிரை. இப்போது கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தேறிய குதிரையின் விலா இப்படித்தான் இருக்கும்.

மெரினா மணலிலும் கல்யாண ஊர்வலத்திலும் முதல் வகைக் குதிரையைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. வளர்ப்பவர் காசு செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொள்ளு வாங்குகிறார், தவிடு வாங்குகிறார். ஆனால் குதிரையின் வயிறு முதலில் கேட்பது புல். அதில் கை சுருங்குவதால்தான் குதிரையும் சுருங்குகிறது.

எடை எவ்வளவு?

தராசு வேண்டாம், தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த அளவை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். அளவெல்லாம் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 152, நீளம் 154 என்றால் எடை சுமார் 300 கிலோ. நம் கணக்குக்கு இந்தக் குதிரையையே எடுத்துக்கொள்வோம்.

உடல்வாகுக்கு மதிப்பெண் போட டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னிகி 1983-ல் வகுத்த முறை இருக்கிறது. 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் ஊளைச்சதை, 5 சரியான உடம்பு. நம் குதிரைக்கு 3.

இளைக்க வைக்கும் தீனி

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 300 கிலோ குதிரை சும்மா நிற்கவே நாளைக்கு 10 மெகாகலோரி வேண்டும். ஒரு மெகாகலோரி என்பது 1,000 கிலோகலோரி. லேசான சவாரி வேலை இருந்தால் 12 ஆகும்.

கொள்ளு 1 கிலோ, கோதுமைத் தவிடு 1 கிலோ, காய்ந்த புல் இரண்டரைக் கிலோ போட்டால் கிடைப்பது முறையே 3.0, 2.8, 4.5. மொத்தம் 10.3. தினம் 1.7 துண்டு விழுகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 20 மெகாகலோரி என்று வைத்தால், மாதம் இரண்டரைக் கிலோ கரையும்.

இன்னொரு சேதமும் உண்டு. ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல சுமார் 40 நிமிடம் ஆகும். இரண்டரைக் கிலோவுக்கு 100 நிமிடம்தான். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும்; அதைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டுமே ஊறும். மெல்ல ஒன்றுமில்லாத நேரம் நீண்டால் இரைப்பை புண்ணாகும். புண் வந்தால் தீனி இறங்காது.

எதற்கு எவ்வளவு காசு?

விலை ஊருக்கு ஊர் மாறும். கீழே இருப்பவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஒரு மெகாகலோரிக்கு ஆகும் செலவு:

காய்ந்த அருகம்புல் (கிலோ ரூ.15): ரூ.8.30
பார்லி (கிலோ ரூ.35): ரூ.10.90
காய்ந்த குதிரைமசால் (கிலோ ரூ.25): ரூ.11.40
சமையல் எண்ணெய் (லிட்டர் ரூ.150): ரூ.19.20
கொள்ளு (கிலோ ரூ.70): ரூ.23.30

எல்லாவற்றிலும் மலிவு புல், எல்லாவற்றிலும் விலை கூடியது கொள்ளு. கொள்ளில் புரதம் 22 சதவீதம், கொழுப்போ அரை சதவீதம்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டிகள் சொன்னது குதிரைக்கும் பொருந்துகிறது. சதை பிடிக்க வைப்பது எண்ணெய்ச் சத்து.

90 நாள் தீனி

மதிப்பெண் 3-லிருந்து 5-க்கு வர சுமார் 24 கிலோ ஏற வேண்டும். அதற்கு 480 மெகாகலோரி. 90 நாளுக்குப் பிரித்தால் தினம் 5.3. வேலைக்கான 12-ஐச் சேர்த்தால் தேவை 17.3.

காய்ந்த அருகம்புல் 5 கிலோ: 9.0, ரூ.75
குதிரைமசால் ஒன்றரைக் கிலோ: 3.3, ரூ.37.50
பார்லி அரைக் கிலோ: 1.6, ரூ.17.50
கொள்ளு அரைக் கிலோ: 1.5, ரூ.35
எண்ணெய் 250 மில்லி: 2.0, ரூ.37.50
உப்பு 30 கிராமும் தாது உப்புக் கலவையும்: ரூ.10

மொத்தம் 17.4 மெகாகலோரி, ரூ.212.50. 90 நாளுக்கு ரூ.19,125. மெல்லும் நேரம் நாலேகால் மணிக்கு மேல்.

கொள்ளையும் பார்லியையும் ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்து மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளிக்கும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்கவே கூடாது. எண்ணெயை 50 மில்லியில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை 50 மில்லி கூட்டுங்கள். மற்ற தீனியையும் இரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

தவிட்டை நீக்கியதற்குக் காரணம் உண்டு. அதில் கால்சியத்தைப் போல 8 முதல் 10 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட்டும் கால்சியத்தை உடலில் சேரவிடாது. இரண்டையும் மாதக்கணக்கில் போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகம் வீங்கும். குதிரைமசாலில் கால்சியம் தாராளம்.

இவ்வளவு செலவுக்கு முன் ஒரு வேலை பாக்கி. லாயத் தரையில் பாதி மென்ற புல் உருண்டைகள் கிடந்தால் கடைவாய்ப் பல் கூராகி வாயைக் கிழிக்கிறது என்று அர்த்தம். பல்லை ராவ வேண்டும். சாணத்தைக் குடற்புழுவுக்குப் பரிசோதிக்க வேண்டும். மதிப்பெண் 1-க்கு இறங்கிவிட்ட குதிரைக்கு இந்தத் தீனியைக் காட்டவே கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீர்த் தீனி உயிரையே எடுக்கும். அதை மருத்துவர் கையில் விடுங்கள்.

தேறிய பிறகு

குதிரை இப்போது 324 கிலோ. லேசான வேலைக்குத் தேவை 13 மெகாகலோரி. பார்லியை நிறுத்தி, குதிரைமசாலை 1 கிலோவாகவும் எண்ணெயை 50 மில்லியாகவும் குறையுங்கள். அரைக் கிலோ கொள்ளும் உப்பும் இருக்கட்டும். அருகம்புல் 5 கிலோவில் மட்டும் கை வைக்காதீர்கள். கிடைப்பது 13.1, செலவு ரூ.152.50.

குதிரையை இளைக்க வைத்த பழைய தீனிக்கு, தவிடு கிலோ ரூ.30 என்று வைத்தால், நாள் செலவு ரூ.137.50. தேறிய உடம்பைக் காப்பாற்ற அதற்கு மேல் ஆவது 15 ரூபாய்.