இரைப்பைச் சத்திரசிகிச்சையும் உடனுற்றார் துணையும்

நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். அந்நோயையே முன்னர் உற்றுத் தேறிய பிறனொருவன் அவ்வகுப்பில் இடம்பெற்றிலன். அவனை 'உடனுற்றான்' என இங்கே குறிப்போம். உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சையை நோக்குவார்க்கு, அவனையும் ஒரு கூறாகக் கொள்ளல் வேண்டுமெனத் தோன்றும்.

இச்சிகிச்சை வகைகளுள் இன்று மிகுதியும் செய்யப்படுவது, இரைப்பையின் ஏறத்தாழ 80 வீதத்தை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவதாம். சத்திரவைத்தியர் பணி சில மணி நேரத்தில் முடியும். நோயாளியின் பணியோ வாழ்நாள் முழுவதும் தொடரும். முதலில் நீருணவு, பின்னர்க் கூழுணவு, அதன்பின்னும் வேளைக்குச் சிறிதளவே. இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 முதலியன குறையாது காத்தல் வேண்டும். சில மாதங்களில் தலைமயிர் உதிரவுங் கூடும். அது பெரும்பாலும் மீண்டும் வளரும் என வைத்தியர் கூறுவார். உதிர்ந்து வளர்ந்த தன் கூந்தலைக் காட்டவல்லவள் உடனுற்றாளே.

வன்னியில் இத்துணையின் தேவை பெரிது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. அங்கோ தமிழ்நாட்டிலோ சிகிச்சை பெற்று மீள்பவர், தம்மூரில் தம்மையொத்த ஒருவரைக் காண்டல் அரிது. அன்றியும், 2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிற் கஞ்சியால் உயிர்தரித்தோர் வாழும் நிலம் இது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி வழங்கப்பட்டு அந்நாட்கள் நினைவுகூரப்படுகின்றன. இம்மண்ணில் உடல் மெலிதலை நற்குறியாகக் கொள்வார் யார்? கலியாண வீட்டில் மூன்று பிடியோடு கைகழுவுபவனை, "என்ன வருத்தம்?" என்றே கேட்பர், சோறிட்டவர் மனமும் நோகும். பசியை அறிந்த தாய், தன் மகன் உண்ணாதிருத்தலைப் பொறுப்பது எளிதன்று. அவளுக்கு என்ன விடை கூறுவதென்பது மருத்துவ நூல்களில் இல்லை.

உடனுற்றார் ஒன்றுகூடுதல் வன்னிக்குப் புதிதன்று. முள்ளந்தண்டு வடம் பாதிப்புற்றோர்க்கென மாங்குளத்தில் 'உயிரிழை' என்னும் அமைப்பு இயங்கிவந்துள்ளது. மேனாட்டில், 1905 இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் யோசப் பிராற் என்பார் வறிய சயரோகிகளைக் கூட்டி வகுப்பு நடாத்தினார். ஒருவர் தேறியமை மற்றவர்க்கு ஊக்கமாயிற்று. அங்கே நற்செய்தி எடை கூடுதல். இங்கே எடை குறைதல்!

நேரிற் கூட ஆளில்லாதவிடத்துக் கைத்தொலைபேசி வழியே கூடலாம். தம்மிடம் முன்னர்ச் சிகிச்சை பெற்றோருட் பேச உடன்படுவார் உளரோ எனச் சத்திரவைத்தியரிடமே முதலில் வினவுக. இலண்டனில் வாழும் தமிழர் அன்போடு அறிவுரை கூறுவர்; ஆயினும் முல்லைத்தீவுச் சந்தையிற் கிடைக்கும் மீனையும் காலைப் புட்டையும் எவ்வளவு உண்ணலாம் என்பதை இங்குள்ளவரே நன்கறிவர்.

சத்துமா விற்போர் கூட்டும் கூட்டத்தை விலக்குக. நீரிழிவு மருந்தின் அளவைப் பிறர் சொற்கேட்டு மாற்றற்க. வாந்தி ஓயாதிருப்பின் கூட்டத்தை வினவிக் காலம் போக்காது வைத்தியசாலைக்குச் செல்க; தயமின் என்னும் விற்றமின் அருகின் மூளையும் தாக்கப்படும்.

இன்னுமொன்று. சில ஆண்டுகளின் பின் எடை மீண்டும் ஏறப்பெற்றோரும் உளர். அன்னோர் வெட்கி விலகும் கூட்டத்திற் புதியவர் வெற்றிக் கதைகளையே கேட்பர். அவர்களும் அங்கே வாய்திறந்து பேசுகின்றனரோ என்பதைச் சேருமுன் நோக்குதல் வேண்டும்.