பக்கத்து அலைவரிசையில் ஓர் இரைச்சல்

மத்திய அலை வானொலிக்குப் பகலில் ஓர் எல்லை, இரவில் வேறோர் எல்லை. பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் ‘டி’ அடுக்கு, மேலே போகும் மத்திய அலைகளை விழுங்கிவிடும். தரையை ஒட்டி வரும் அலை மட்டுமே நம் பெட்டிக்குக் கிடைக்கும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகிறது. அலைகள் அதைக் கடந்து, இன்னும் உயரத்தில் இருக்கும் அடுக்குகளில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1030 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் டபிள்யூ.பி.இசட். நிலையம், 38 மாநிலங்களில் தன் குரல் கேட்கும் என்று விளம்பரம் செய்துகொண்டதற்கு இந்த இரவு அலைதான் காரணம்.

இந்த இரவு அலைக்காகவே விழித்திருக்கும் ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. அவர்களை டி.எக்ஸர்கள் என்பார்கள். நிகழ்ச்சி என்ன என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதன் சக்தி எவ்வளவு, இரைச்சலுக்கு நடுவே அதன் பெயரைக் காதால் பிடிக்க முடிந்ததா என்பதே கணக்கு. கேட்ட நேரத்தையும் நிகழ்ச்சி விவரத்தையும் எழுதி அனுப்பினால் நிலையம் உறுதிசெய்து க்யூ.எஸ்.எல். அட்டை அனுப்பிவைக்கும். மத்திய அலையை மட்டும் கேட்பவர்களுக்காக அமெரிக்காவில் ‘நேஷனல் ரேடியோ கிளப்’ 1933-லேயே தொடங்கிவிட்டது. அந்த நாட்டு டி.எக்ஸர்களின் பொழுதுபோக்கில்தான் டிஜிட்டல் ஒலிபரப்பு முதலில் பலமாகக் கைவைத்தது.

2002 அக்டோபரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., ஐபிக்விட்டி என்ற நிறுவனத்தின் டிஜிட்டல் முறைக்கு அனுமதி கொடுத்தது. கடைகளில் அதற்குப் பெயர் எச்.டி. ரேடியோ. பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு அனலாக் ஒலி, புதிய பெட்டி வாங்கியவருக்குத் துல்லியமான டிஜிட்டல் ஒலி, இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே அலைவரிசை என்று சொன்னது முழு உண்மை இல்லை.

அமெரிக்கக் கண்டத்தில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்ந்திருக்கின்றன: 1020, 1030, 1040 என்று. (நம் பக்கத்தில் இடைவெளி 9. சென்னை 720, திருச்சி 936, இலங்கைப் புத்தளத்திலிருந்து வரும் 882 என எதை எடுத்தாலும் 9-ஆல் மீதமின்றி வகுபடும்.) 1030-ல் இருக்கும் நிலையம் இந்தக் கலப்பு முறைக்கு மாறினால், அதன் அனலாக் ஒலி நடுவில் இருக்கும். டிஜிட்டலின் முக்கியப் பகுதியோ நடுவிலிருந்து இருபுறமும் 10 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய் உட்காரும். அதாவது மேலே 1040 முதல் 1045 வரை, கீழே 1015 முதல் 1020 வரை. இந்த இரண்டு இடங்களும் 1030-க்குச் சொந்தமானவை அல்ல, அக்கம்பக்கத்து நிலையங்களின் வீடுகள். மொத்தத்தில் ஒரு நிலையம் ஏறக்குறைய 30 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் காலை நீட்டிக்கொள்கிறது.

டிஜிட்டல் சமிக்ஞையை அனலாக் பெட்டியில் கேட்டால் பேச்சோ பாட்டோ வராது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று இடைவிடாத இரைச்சல் மட்டுமே. பகலில் பெரிய தொந்தரவு இல்லை. தரை அலை அதிக தூரம் போகாது, பக்கத்து அலைவரிசை நிலையங்களும் பெரும்பாலும் தொலைவில் இருக்கும். அதனால்தான் முதலில் பகலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2007 செப்டம்பர் 14 முதல் இரவுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். நிலையத்தின் குரலைச் சுமந்து போன அதே வானலை, அன்று முதல் அதன் இரைச்சலையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து போனது.

டி.எக்ஸர்கள் மட்டும் புலம்பியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஏவான் என்ற சிற்றூரில் 1040-ல் இயங்கும் டபிள்யூ.ஒய்.எஸ்.எல். என்ற சிறு நிலையம், 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பாஸ்டனின் 1030 தன் இரவு ஒலிபரப்பைக் கெடுக்கிறது என்று எஃப்.சி.சி.யிடமே புகார் கொடுத்தது. தன் உள்ளூர் நேயர்களை இழக்கும் நிலையத்தின் புகாரைச் சட்டம் ஓரளவுக்காவது காதுகொடுத்துக் கேட்கும். எங்கோ ஒரு மாநிலத்தில் மொட்டைமாடியில் கம்பி கட்டி 1040-ல் யார் பேசுகிறார்கள் என்று தேடுபவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. அனலாக் ஏ.எம். ஒலிபரப்பில் ஒரே ஒலி நடு அலைவரிசைக்கு மேலும் கீழும் இரண்டு பிரதிகளாகப் போகிறது. நல்ல பெட்டியில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துக் கேட்கலாம். 1040-ன் மேல்பக்கம் இரைச்சலில் மூழ்கினால் கீழ்ப்பக்கத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே, 1035-லிருந்து 1040 வரை, 1030-ன் டிஜிட்டலில் வலிமை குறைந்த இன்னொரு பகுதி உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டினால் 1030-ன் குரலே வழிந்து வரும். மிச்சம் இருந்த ஆயுதம், சுழலும் லூப் ஆன்டெனா. அதை இரைச்சல் வரும் திசைக்குச் செவிடாகும்படி திருப்பிவைக்கலாம். தேடும் நிலையமும் அதே திசையில் இருந்துவிட்டால் அதுவும் பயனில்லை.

கடல் கடந்து கேட்பவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. பிரிட்டனின் ஏ.எம். நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் கணக்கில் இருப்பதால் அவற்றில் பல அமெரிக்க நிலையங்களின் இடைவெளியில் போய் விழும். 1210-க்கும் 1220-க்கும் நடுவே 1215 இருந்தது போல. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்காரர்கள் இந்தச் சந்துகளில் காதை வைத்துத்தான் அட்லாண்டிக்குக்கு அப்பால் எட்டிப்பார்த்தார்கள். கலப்பு டிஜிட்டல் முதலில் நிரப்பியது இந்தச் சந்துகளைத்தான்.

பதிலுக்கு யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் திருப்தியாக இல்லை. இரவில் அலை ஏறி இறங்கும்போது டிஜிட்டல் பூட்டு அடிக்கடி விட்டுப்போய், பெட்டி அனலாக்குக்குத் தாவும். டிஜிட்டலுக்கு இடம் விட வேண்டியிருந்ததால் அனலாக் ஒலியின் அகலமும் குறைக்கப்பட்டது. பல நிலையங்கள் இரவில் டிஜிட்டலை அணைத்தன, பிறகு பகலிலும் கைவிட்டன. பழையதையும் கெடுத்து, புதியதையும் ஒழுங்காகத் தராத பேரம் என்றே இதைச் சொல்வேன்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடெரிக் நகரில் 820-ல் இயங்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.டி. நிலையம், 2018-ல் அனலாக்கை முழுவதுமாக நிறுத்திவிட்டுச் சோதனையாக முழு டிஜிட்டலுக்குப் போனது. 2020 அக்டோபரில் விரும்பும் ஏ.எம். நிலையங்கள் எல்லாம் அப்படி மாறலாம் என்று எஃப்.சி.சி. முடிவெடுத்தது. முழு டிஜிட்டல் என்றால் டி.எக்ஸருக்கு முழு நாசம் என்றுதானே தோன்றும்? அப்படி இல்லை. நடுவில் அனலாக் இல்லாததால் டிஜிட்டல் நடுப்பகுதிக்கே வந்துவிடுகிறது. அகலம் 30-லிருந்து சுமார் 20 கிலோஹெர்ட்ஸாகக் குறைகிறது. அண்டை வீட்டுக்குத் தொல்லை குறைவு. அந்த நிலையத்தின் சொந்த அலைவரிசையில், அதே எண்ணில் தொலைவிலிருந்து வரும் வேறு நிலையம் மூழ்கிப்போவது உண்மைதான். ஆனாலும் ஓர் அலைவரிசை போவது மூன்று போவதைவிட மேல்.

இந்தியா வேறு வழியில் போனது. அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்தது டி.ஆர்.எம். என்ற முறையை. இதற்கான கூட்டமைப்பு 1998-ல் சீனாவின் குவாங்சோ நகரில் உருவானது. 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் இங்கே டி.ஆர்.எம். வசதியோடு நிறுவப்பட்டன. பல இடங்களில் அனலாக் தன் இடத்திலும் டிஜிட்டல் அதை ஒட்டிய அலைவரிசையிலும் சேர்ந்தே போகின்றன. நம் ஊரில் மத்திய அலை நிலையங்களைப் பெரும்பாலும் ஒரே அமைப்பு நடத்துவதால், பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடும் சிக்கல் குறைவு. ஆனால் பக்கத்து அலைவரிசையில் மெல்லிதாகக் கேட்டுக்கொண்டிருந்த அயல்நாட்டு நிலையம் இரைச்சலில் மறைவது இங்கேயும் நடக்கும்.

டிஜிட்டலைத் தேடிப்பிடிப்பதும் ஒரு சுவைதான் என்பவர்கள் உண்டு. கணினியோடு இணைத்த எஸ்.டி.ஆர். பெட்டியும் மென்பொருளும் இருந்தால் டி.ஆர்.எம். சமிக்ஞை தன் நிலையப் பெயரை எழுத்திலேயே காட்டிவிடும். ஒரே குறை: அது வந்தால் தெளிவாக வரும், வலிமை ஓரளவு குறைந்தால் ஒன்றுமே வராது. அனலாக்கில் இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லையோ ஒரு பாட்டின் தொடக்கத்தையோ பிடித்து, இது இன்ன ஊர் என்று சொல்லிவிடலாம். அந்த வித்தைக்கு டிஜிட்டலில் இடமில்லை.

உங்கள் டிரான்சிஸ்டரில் இரவில் அப்படி ஓர் இரைச்சல் வந்தால் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளையும் மொபைல் சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் காரணம் அவைதான். போகாமல், ஓரிரு அலைவரிசைகளில் மட்டும் நின்று, அதை ஒட்டி ஒரு பலமான நிலையமும் கேட்டால் அது பெரும்பாலும் டிஜிட்டல். பெட்டியை மெல்லத் திருப்பி அந்தத் திசையை மங்கவைத்துவிட்டு, மறுபடி தேடத் தொடங்கலாம்.