புது காமிக்சுக்கு பழைய வேஷம்!

குட்டீஸ்... பள்ளி மாறுவேடப் போட்டியில் தாத்தா வேஷம் போட்டிருக்கிறீர்களா? வெள்ளை மீசையும், கைத்தடியும் மட்டும் போதாது. தாத்தா போலவே நடக்க வேண்டும், பேச வேண்டும். அப்போதுதான் கைதட்டல் கிடைக்கும்!

காமிக்ஸ் உலகிலும் இப்படி வேஷம் கட்டிய புத்தகங்கள் உண்டு. 1993ல் அமெரிக்காவின், 'இமேஜ் காமிக்ஸ்' நிறுவனம் ஒரு தொடரை வெளியிட்டது. அதன் பெயரே, '1963' தான்! எழுதியவர், இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் மூர். ஸ்டீவ் பிஸ்ஸெட், ரிக் வீச் போன்றோர் படம் வரைந்தனர். புரட்டிப் பார்த்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த புத்தகம் போலவே இருக்கும்.

ஏன் 1963?

1961ல், 'பென்டாஸ்டிக் போர்' வந்தது. 1962ல், ஸ்பைடர் மேன், ஹல்க், தோர் என்று வரிசையாக ஹீரோக்கள் வந்தனர். எல்லாம், 'மார்வெல்' நிறுவனத்தின் வெளியீடு. எழுத்தாளர் ஸ்டேன் லீ, ஓவியர்கள் ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ ஆகியோரின் கைவண்ணம் அது. சண்டைக்கு நடுவிலும் ஹீரோக்கள் ஜோக் அடிப்பர்.

1986ல், ஆலன் மூர், 'வாட்ச்மென்' என்ற கதையை எழுதினார். பெரியவர்களுக்கான, இருண்ட கதை. அது பெரிய வெற்றி பெற்றதும், பலரும் அதே பாணியில் எழுத ஆரம்பித்தனர். எங்கும் கோபம், ரத்தம்! சிரிக்கத் தெரிந்த ஹீரோக்கள் குறைந்து போயினர். அந்தப் பழைய உற்சாகத்தை, அதே மூர், '1963' தொடரில் திரும்பக் கொண்டு வந்தார். ஹல்க்குக்கு ஜோடியாக, 'என்-மேன்'. இடிக் கடவுள் தோருக்கு ஜோடியாக, எகிப்து கடவுள், 'ஹோரஸ்!'

பொய் விளம்பரம்!

கதை மட்டுமா? விளம்பரம், வாசகர் கடிதம் கூட பழைய பாணியில் கேலியாக உருவாக்கப்பட்டன.

அந்தக்கால காமிக்சில் நிஜமாகவே வேடிக்கையான விளம்பரங்கள் வரும். 'கடல் குரங்கு' என்ற விளம்பரப் படத்தில், ஒரு குடும்பமே கிரீடம் வைத்துச் சிரிக்கும். காசு அனுப்பினால் தபாலில் வருவது, உப்பு நீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகையின் முட்டைகள்! எத்தனை சிறுவர்கள் ஏமாந்தார்களோ!

ஸ்டேன் லீ, 'சிரிக்கும் ஸ்டேன்' என்று தன்னையும், 'ஜாலி ஜாக்' என்று கிர்பியையும் செல்லப் பெயரிட்டு அழைப்பார். அதைக் கிண்டல் செய்து மூர், 'அன்பான ஆல்' ஆனார். எல்லாப் பெருமையும் தனக்கே என்று பீற்றிக்கொள்ளும் ஆசாமி அந்த, 'ஆல்!' இதில் ஒரு குத்தல் இருக்கிறது. அக்காலத்தில் ஓவியர்களுக்கு பக்கக் கணக்கில் கூலி மட்டுமே. அவர்கள் உருவாக்கிய ஹீரோக்கள் நிறுவனத்துக்கே சொந்தம். பழையதை நேசித்த மூர், அதிலிருந்த அநியாயத்தை மறைக்கவில்லை.

இடைவெளியில் ஒரு கதை

1995ல், கர்ட் பியூசிக் என்ற எழுத்தாளர் வேறு விதமாக முயன்றார். ஸ்பைடர் மேன் பள்ளி மாணவனாக இருந்த காலத்துப் பழைய இதழ்களுக்கு இடையே, புதுக் கதைகளைச் செருகினார். 1997 வரை, 25 இதழ்கள் வந்தன. விலை, 99 சென்ட் தான்.

இது சுலபமல்ல. பழைய கதையோடு எதுவும் முரண்படக் கூடாது. ஆரம்பத்தில் கண்ணாடி அணிந்திருந்த பீட்டர் பார்க்கர், 8வது இதழில் அது உடைந்த பின் அணிவதில்லை. இம்மாதிரி சின்ன விஷயங்களைக் கூட கவனிக்க வேண்டும்!

நம்ம மாயாவி!

மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, கை மட்டும் தெரியும், 'இரும்புக்கை மாயாவி'யை அப்பா, தாத்தாவிடம் கேட்டால் சொல்வர். 1972ல், 'முத்து காமிக்ஸ்' முதல் வெளியீடாக தமிழுக்கு வந்தவர், பிறந்தது பிரிட்டனில். அவரும், 'லயன் காமிக்ஸ்' புகழ் ஸ்பைடரும், 2005ல் துவங்கிய, 'ஆல்பியன்' தொடரில் திரும்ப வந்தனர். பழைய ஹீரோக்களை அரசு ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது என்பது கதை. கதைக் கரு, ஆலன் மூர். எழுதியது, அவரது மகள் லியா மூரும், மருமகன் ஜான் ரெப்பியனும்!

முடியாத கதை

'1963' தொடரில் ஆறு இதழ்கள் வந்தன. அடுத்து, 80 பக்க சிறப்பு மலரில், 1960களின் உற்சாக ஹீரோக்களும், 1990களின் முரட்டு ஹீரோக்களும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். ஆறாவது இதழ், 'தொடரும்' என்று முடிந்தது. அந்த மலர் வரவே இல்லை!

ஜோக் அடிக்கும் ஹீரோவும், முறைக்கும் ஹீரோவும் சந்தித்தால், முதலில் என்ன பேசியிருப்பர்? நீங்களே எழுதிப் பாருங்களேன்!

செய்து பாருங்கள்: பழைய கலர் காமிக்ஸ் கிடைத்தால், பூதக்கண்ணாடியில் பாருங்கள். நீல வானம் முழுக்க குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே மைகளில், அத்தனை நிறங்களும் உருவான ரகசியம் அதுதான்!