மருந்தும் மனசும் – 9: காலிப் புட்டி

ஹூஸ்டனில் முழங்கால் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பப்பட்டவர்களும் நிஜ சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் இதய ஸ்டென்ட் என்று சொல்லியிருந்தேன். அதற்கான தாள்களைப் புரட்டும்போது சாம்சன் ஆய்வு கையில் சிக்கியது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்தியது அது. 2020 நவம்பரில் வெளியானது. கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கி, உடம்புவலியோ வேறு தொல்லையோ தாங்காமல் இரண்டு வாரத்துக்குள் நிறுத்திவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஆளுக்கு 12 புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் 20 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின். நான்கில் அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத போலி மாத்திரை. மீதி நான்கு புட்டிகள் காலி! எந்த மாதம் எது என்பது குலுக்கல். தினமும் தொல்லை எவ்வளவு என்று 0 முதல் 100 வரை செல்போனில் மதிப்பெண் போடவேண்டும்.

ஸ்டாட்டின் மாதங்களின் சராசரி 16.3. போலி மாத்திரைக்கு 15.4. இதோடு நிறுத்தியிருந்தால், ‘வயதானால் வலி வரத்தான் செய்யும், மாத்திரைமேல் பழி போடுகிறார்கள்’ என்று யாரும் தீர்ப்பு எழுதியிருக்கலாம். காலிப் புட்டிதான் அதைத் தடுத்தது. அந்த மாதங்களின் சராசரி வெறும் 8. ஆக, மாத்திரை விழுங்கும்போது தொல்லை இரண்டு மடங்கானது உண்மை. ஆனால் அந்தக் கூடுதலில் சுமார் 90 விழுக்காடு, மருந்தே இல்லாத மாத்திரையிலும் வந்தது. நோசிபோ என்பது இதுதான்: கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே உடம்பில் கெடுதலாக இறங்குவது.

தாங்க முடியாவிட்டால் அந்த மாதம் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. 71 முறை நிறுத்தினார்கள். அதில் 31 முறை போலி மாத்திரையை! இவர்களைப் பார்த்து ‘எல்லாம் உங்கள் நினைப்பு’ என்று சொல்வது அநியாயம். வலித்தது நிஜமான கால், நிஜமான முதுகு. மருந்துதான் அதற்குக் காரணமில்லை.

இந்த மருந்தின் மூலக்கதையையும் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானின் அகிரா எண்டோ, 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்து, 1973இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். எதிலிருந்து? கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து. 2024இல், தொண்ணூறு வயதில் காலமானார். மாரடைப்பைத் தடுக்க உலகம் முழுக்க விழுங்கும் மாத்திரைக்கு அரிசிப் பூஞ்சை மூதாதை என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை.

60 பேர் போதுமா என்று கேட்பீர்கள். 2022இல் லான்செட்டில் 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 1,24,000 பேர். தசைவலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் தரப்பில் 27.1 விழுக்காடு, போலி மாத்திரைத் தரப்பில் 26.6. வித்தியாசம் சின்னது, ஆனால் இருக்கிறது. பெரும்பாலும் முதல் வருடத்தில். அபூர்வமாக நிஜமான தசைச் சிதைவும் வரும். கடும் வலியோடு பலவீனம், சிறுநீர் கருத்துப்போவது என்றால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். மற்ற வலிகளுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் பேசுங்கள்.

சாம்சன்காரர்கள் கடைசியில் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் மதிப்பெண் வரைபடத்தைக் காட்டினார்கள். அறிவுரை கேட்டு மாறாதவர்கள், தாங்களே போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து யோசித்தார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது 30 பேர், சரிபாதி, மறுபடி ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டென்ட் அடுத்த வாரம். அதே கல்லூரியின் ரஷா அல்-லமீ, மார்புவலிக்காரர்கள் 200 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார். மற்றவர்களுக்கு வைத்ததுபோலவே எல்லாம் செய்து, வைக்காமல் அனுப்பினார். 2017இல் வந்த முடிவு இதய மருத்துவர்களைக் கொதிக்க வைத்தது. 2023இல் அவரே நடத்திய இரண்டாம் ஆய்வு வேறு பதில் சொன்னது. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.