தொப்பூர் ஏற்றமும் ஃபில்டர் இல்லாத எஞ்சினும்

தொப்பூர் கணவாய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் சரியும் அந்தச் சாலையில் பிரேக் பிடிக்காத லாரிகளால்தான் அந்த இடத்துக்கே பெயர் கெட்டது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவருக்கோ கவலை எதிர்த் திசையில். சேலத்திலிருந்து ஏறி வர வேண்டும். 1200 சிசி, 34 குதிரைசக்தி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. சித்திரை வெயில் மட்டும் உண்டு.

பின்பக்கம் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குக் காற்று ஊதுவது பெல்ட்டில் ஓடும் ஒரு ஃபேன். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுதான் காற்று. அதனால் ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுத்துக்கொண்டு வருவதைவிடக் கெடுதல் வேறில்லை. எஞ்சின் முக்கும், சூடு ஏறும், ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றும். கியரைக் குறைத்து, சத்தம் கேட்டாலும் பரவாயில்லை என்று ஓட்டுவதே சரி.

காற்று எடுத்தது போக மிச்சச் சூட்டைச் சுமப்பது ஆயில். அளவு வெறும் 2.5 லிட்டர். கிராங்க் பேரிங்குக்கு வழுக்கலும் அதுதான், குளிர்ச்சியும் அதுதான். போதாக்குறைக்கு, பழைய மாடல்களில் ஆயில் கூலர் காற்றின் பாதையில் குறுக்கே நிற்பதால் மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று குறைவு. பீட்டில் வேலை தெரிந்த மெக்கானிக் முதலில் அந்த மூன்றாம் நம்பரைத்தான் சந்தேகப்படுவார்.

இத்தனை வேலை செய்யும் ஆயிலை வடிகட்ட என்ன இருக்கிறது? எஞ்சினுக்கு அடியில் ஒரு வட்டத் தகடு, அதைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகள். பத்தாம் நம்பர் ஸ்பானரில் கழற்றினால் கம்பி வலை ஒன்று கையோடு வரும். டீ வடிகட்டியின் சாதிதான். கேஸ்கெட் துணுக்கு, உதிர்ந்த உலோகச் சில்லு போன்றவை அதில் நிற்கும். மாவு போன்ற தூசி அதைக் கண்டுகொள்வதே இல்லை. வலை வழியாகப் போய், பம்ப்பைத் தாண்டி, பேரிங்குக்குள் நுழைந்துவிடும்.

1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்ட் புல்லட்டும் காற்றில் குளிரும் எஞ்சின்தான். அந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கே கம்பளி ஃபெல்ட் ஃபில்டர் ஒன்று உண்டு. காருக்கு ஏன் இல்லை? காரணம் கஞ்சத்தனமும் காலமும். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷேவின் குழுவுக்கு ஜெர்மன் அரசு கொடுத்த உச்சவரம்பு, காரின் விலை ஆயிரம் மார்க்குக்குள். அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் 1923இலேயே ஆயில் ஃபில்டரை உருவாக்கியிருந்தாலும், மலிவுக் காருக்கு அது இன்னும் ஆடம்பரம். ‘5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்று, வலையைக் கழுவு’ என்று உரிமையாளரிடமே வேலையைத் தள்ளிவிட்டார்கள். தார்ச்சாலை ஐரோப்பாவில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்தது. 2003இல் மெக்சிகோவில் கடைசி வண்டி இறங்கும் வரை 2.15 கோடி பீட்டில்கள். தொழிற்சாலையிலிருந்தே ஃபில்டரோடு வந்தவை, 1990களில் பெட்ரோல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிய மெக்சிகோ வண்டிகள்தான்.

தூசி ஏன் இத்தனை பெரிய விஷயம் என்பதற்கு 1880களின் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பியூச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல் துளை போட்டார். உள்ளே போக வேண்டிய ஆயில் வெளியே பொங்கியது. கார்க்கால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்துப் பார்த்தார், அதையும் தள்ளியது. சுழலும் தண்டு ஆயிலைத் தானே உள்ளே இழுத்து, அழுத்தம் உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குக் கணிதம் எழுதினார். கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் சில மைக்ரான் தடிமனில் ஆயில் படலம். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் இதன் மெலிவை யோசித்துக்கொள்ளுங்கள்.

படலத்தைவிடப் பெரிய, ஆனால் இடைவெளிக்குள் நுழையும் அளவுக்குச் சிறிய துகள்தான் எமன். மணலின் குவார்ட்ஸ் எஃகையே கீறும். ஜெனரல் மோட்டார்ஸ் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 40 மைக்ரான் ஃபில்டருக்குப் பதில் 15 மைக்ரான் ஃபில்டர் போட்டபோது தேய்மானம் 70 சதவீதம் குறைந்தது. பீட்டிலில் இருப்பதோ ஃபில்டரே அல்ல, வலை.

சரி, வெளியிலிருந்து வாங்கிப் போடலாமா? போடலாம். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய பாணி, பைபாஸ். ஆயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் பிரித்து வடிகட்டி மறுபடி சட்டிக்கு அனுப்புவது. சூடேறி ஆயில் நீர்த்து, ஐடிலில் ஏற்கெனவே அழுத்தம் குறைந்து நிற்கும்போது இதுவும் ஒரு பங்கைக் களவாடினால் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு கண் சிமிட்டும். என் ஓட்டு ஃபுல் ஃப்ளோவுக்கு. பம்ப்பின் பழைய வாயை அடைத்துவிட்டு, மூடியில் புது வாய் வைத்து, ஹோஸ் வழியாக ஃபில்டருக்கு அனுப்பி, எஞ்சின் உடலில் துளைபோட்டு மரை வெட்டிய இடத்தில் திரும்ப ஏற்றுவது. பேரிங்குக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் ஃபில்டரைத் தாண்டித்தான் போகும். கூடுதல் லாபமாக, மொத்த ஆயில் மூன்று லிட்டரை நெருங்கும்.

துளை போடுவதை மட்டும் எஞ்சினை முழுக்கப் பிரித்த நாளில் செய்யுங்கள். பூட்டிய எஞ்சினில் டிரில் வைத்தால், சீவல் உள்ளேயே தங்கி, எந்தத் தேய்மானத்துக்குப் பயந்தோமோ அதைத் தானே கொண்டுவரும். இன்னொன்றும் லேத் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்: இந்த எஞ்சின் உடல் மக்னீசியக் கலவை. அதன் பொடிச் சீவல் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ இன்னும் கிளம்பும். உலர்ந்த மணல் வாளி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஹோஸில் கஞ்சத்தனம் வேண்டாம். சூடும் அழுத்தமும் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸ், பிரஸ் செய்த முனைகள். கிளிப் போட்டு இறுக்கிய பெட்ரோல் குழாய் தொப்பூர் ஏற்றத்தில் கழன்றால் ஆயில் முழுதும் சாலையில். விளக்கைப் பார்த்து ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் சீஸ் ஆகிவிடும். ஃபில்டர் இல்லாத எஞ்சின் மெதுவாகத் தேயும், மோசமாகப் போட்ட ஃபில்டர் ஒரே மதியத்தில் கொன்றுவிடும்.

விண்டேஜ் பதிவு எண் வேண்டுபவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய, எஞ்சினிலும் சேஸியிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கே ‘வி.ஏ.’ வரிசை எண் கிடைக்கும். பம்ப் மூடியோடு ஃபில்டர் சேர்ந்தே வரும் வகையைக் கழற்றிப் பழைய மூடியை மாட்டிவிடலாம். எஞ்சினில் போட்ட துளையை அப்படி மறைக்க முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வேறு. பென்னாகரம், அரூர் பக்கத்து மண் சாலைகளில் கோடையில் எழும் புழுதி ஆயிலுக்குள் நேராகக் குதிப்பதில்லை. கார்புரேட்டர் வழியாக சிலிண்டருக்குள் போய், அங்கிருந்துதான் ஆயிலுக்கு இறங்குகிறது. பழைய பீட்டிலின் ஏர் கிளீனர், அடியில் ஆயில் ஊற்றிய சட்டி. உறிஞ்சும் காற்று அதில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும். அந்தச் சட்டியின் அடியில் சேறு கட்டியிருந்தால், கழுத்து ரப்பர் வெடித்திருந்தால், கீழே எந்த ஃபில்டர் போட்டும் பயன் பாதிதான். ஆயிலில் கலக்கும் பெட்ரோல், ஈரம், அமிலம் எதையும் ஃபில்டர் பிடிக்காது என்பதால் 5,000 கிலோமீட்டர் கணக்கும் அப்படியே இருக்கும். வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை மட்டும் ஓடும் வண்டிக்கு, கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் மாற்றுவது நல்லது.

மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் தகரத்தை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் வெள்ளிப் பொடியாக மின்னினால் பேரிங் தேய்கிறது. ஒட்டவும் இல்லை, மின்னவும் இல்லை, விரலிடையில் நறநறக்கிறது என்றால் அது மண். ஏர் கிளீனரைத்தான் திறக்க வேண்டும்.